பாட்டுக்குள் போன ஹாரன்

“ப்பா?” என்று என் மகள் கேட்கிறாள்.

தெருமுனையில் ஹாரன் சத்தம். மூன்று குட்டையாக, ஒன்று நீட்டமாக. கையில் இருந்த இட்லித் தட்டைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அப்பா வந்துவிட்டாரா என்பதுதான் கேள்வி. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்த எனக்கு அதற்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. அந்த ஹாரன் நிஜமாகவே கம்பெனி பஸ்ஸில் அடித்ததா, அல்லது யாரோ ஒருவருடைய போனிலிருந்து வந்த பாட்டா என்று எனக்கும் பிரித்துச் சொல்ல வரவில்லை.

அந்தப் பாட்டு எங்கள் வீட்டு முன்னறையில்தான் பதிவானது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கவரைப்பேட்டையில், ஸ்டேஷனுக்கும் ஹைவேக்கும் நடுவில் ஒரு தெரு. என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் எங்கள் தெருவுக்குள் நுழையாது. தெருமுனையில் நின்று ஆட்களை ஏற்றும், இறக்கும். அந்த வழியாக நிறைய கம்பெனிகளின் பஸ்கள் போகின்றன. எல்லாமே வெள்ளை, எல்லாமே ஒரே மாதிரி. அதனால் ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று ஒரு ஹாரன் வைத்திருக்கிறார். காலையில் அந்த ஹாரனுக்கு ‘வந்துவிட்டேன், ஓடி வா’ என்று அர்த்தம். திரும்பி வரும்போது ‘உங்கள் ஆளை இறக்கிவிட்டேன், தோசைக்கல்லைப் போடு’ என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஹாரன் அடித்த சற்று நேரத்திலெல்லாம் அக்கம்பக்கத்து அடுப்படிகளில் தோசை வார்க்கும் சத்தம் கேட்பதை வைத்து நானே புரிந்துகொண்டேன்.

கம்பெனிக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. அதனால் என் கணவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். ஓவர்டைம் இருந்தால் பஸ் தாமதமாகும், ஹைவேயில் லாரி மாட்டிக்கொண்டால் இன்னும் தாமதமாகும். அவர் வந்துவிட்டார் என்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே அடையாளம் அந்த ஹாரன்தான்.

என் மகள் பேசத் தாமதித்தாள். ஒன்றரை வயது தாண்டியும் வார்த்தை வரவில்லை. அவள் வயதுக் குழந்தைகள் என்னென்ன சொல்கின்றன என்று நான் போனில் தேடிப் பார்ப்பேன். பார்த்த பிறகு பார்த்திருக்கக் கூடாது என்று நினைப்பேன். டாக்டர், “காது நல்லா கேக்குது, புரிஞ்சிக்கிறா. கொஞ்சம் பொறுங்க” என்றார். பொறுப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து தெளிவாக வந்த ஒரே சத்தம் அந்த ஹாரனுக்கான பதில். பஸ் தெருமுனையில் அடித்ததும் இவள் எங்கிருந்தாலும் எழுந்து, “பப்-பப்-பப்-பாஆ!” என்று கத்திக்கொண்டு கிரில் கேட்டுக்கு ஓடுவாள். கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றுகொள்வாள். என் கணவர் சாப்பாட்டுப் பையோடு தெருவில் திரும்பும்போதே அவரும் “பப்-பப்-பப்-பாஆ!” என்பார். பஸ்ஸில் மற்றவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டு வருவார்களாம். “நான் தூங்க மாட்டேன். எறங்குனா பாப்பா ஓடி வரும்ல, அத பாக்கணும்ல” என்பார். ஷிஃப்ட் மாறி மாறி வருகிற மனிதருக்கு மகளோடு கிடைக்கும் நேரமே கொஞ்சம். அதில் அந்த ஓட்டம் முக்கியம் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

இனி பாட்டுக்கு வருகிறேன்.

என் தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் டிரெயினியாக இருக்கிறான். கிட்டார் வாசிப்பான். அவனோடு வேலை பார்க்கும் ஒரு பையன் காலி பெயின்ட் டப்பாவிலும் தண்ணீர் கேனிலும் தாளம் போடுவான். மூன்றாவது ஆள் ஒரு பெண். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளுடைய குரல் சற்று கரகரப்பாக இருக்கும், ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர்கள் பாடுவது நாட்டுப்பாட்டு மாதிரி ஆரம்பிக்கும். நடுவில் கிட்டார் புகுந்து அதைத் துள்ள வைத்துவிடும். சினிமா கிடையாது, ஆடியோ கம்பெனி கிடையாது. அவர்களே எழுதி, அவர்களே பாடி, நெட்டில் போட்டுவிடுவார்கள். இண்டி பேண்ட் என்று தம்பி சொல்லுவான். “இண்டின்னா இன்னாடா?” என்று என் கணவர் கேட்டதற்கு, “யாரும் டப்பு தரமாட்டாங்க மாமா, அதான்” என்றான்.

தம்பியின் அறையில் சத்தம் போடக் கூடாது. அவளுடைய ஹாஸ்டலில் ஆண்களை விடமாட்டார்கள். அதனால் விடுமுறை நாட்களில் எங்கள் முன்னறைக்கு வருவார்கள். பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்கார அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆரம்பாக்கத்துப் பக்கம், தெலுங்கு பேசுகிறவர். பெரியவர், சின்னவர் எல்லோரையும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். “பாடுங்கோ நைனா, ஊட்ல இன்னா எழவா வுழுந்துக்குது, கம்முனு இருக்கறதுக்கு?” என்றார்.

அவர்கள் அப்போது போட்டுக்கொண்டிருந்த பாட்டு இதுதான்:

வேல முடிஞ்சிச்சு, வெயிலும் சாஞ்சிச்சு,
வா நைனா வா, டீ ஆறிப்போவுது.
போனா போவுது, பஸ்ஸு போவுது,
நடந்தா வந்துரும் நம்ம ஊடு.

இவ்வளவுதான். இதையே திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். கேட்டால் கால் தானாக ஆடும். எனக்குத்தான் ஒரு வரி உறுத்தியது. “ஏன்டா, பஸ்ஸு போனா போவுதுன்னு எழுதியிருக்க? பஸ்ஸ விட்டா அரை நாள் போயிடுமே” என்றேன்.

“அக்கா, இது பாட்டு. அட்டெண்டன்ஸ் இல்ல” என்றான்.

பதிவு செய்த அன்று விடுமுறை நாள்தான், ஆனாலும் என் கணவருக்கு ஓவர்டைம். தம்பி ஜன்னல்களில் போர்வை கட்டினான். ஃபேனை அணைத்தான். குக்கர் வைக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். முதல் சில தடவை ஏதாவது ஒன்று சொதப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தடவை எல்லாம் சரியாக வந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ‘டீ ஆறிப்போவுது’ என்று இழுத்து முடிக்கப் போனாள். தெருமுனையில் ஹாரன். மூன்று குட்டை, ஒரு நீட்டம். நான் பிடிப்பதற்குள் என் மகள் மடியிலிருந்து நழுவி, “பப்-பப்-பப்-பாஆ!” என்று கத்திக்கொண்டு, வயர்களைத் தாண்டி, பெயின்ட் டப்பாவை இடித்துவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். பாடிக்கொண்டிருந்தவள் பாட்டுக்குள்ளேயே சிரித்துவிட்டாள்.

“போச்சு” என்று தம்பி தலையில் கை வைத்தான். “நல்ல டேக்கு போச்சு.”

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்தேன். அவன் சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்தான். டப்பாக்காரப் பையன், “இன்னொருவாட்டி போடு” என்றான். மறுபடியும் கேட்டார்கள். ஹாரன், என் மகளின் குரல், அந்தப் பெண்ணின் சிரிப்பு, மூன்றும் தாளத்தில் சரியாக வந்து உட்கார்ந்திருந்தன. யாரோ சொல்லிக்கொடுத்து வைத்த மாதிரி இருந்தது. என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, “இன்னா, பேயறஞ்ச மாதிரி குந்திக்கினு கீறீங்கோ?” என்று கேட்டார்.

அதை அப்படியே பாட்டின் ஆரம்பத்தில் வைக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் பிறகு திரும்பவும் வர வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான். என்னிடம் கேட்டான். நான் உடனே சரியென்று சொல்லவில்லை. கண் படும் என்று பயந்தேன். கண்டவர்கள் கண்டதை எழுதுவார்கள் என்று பயந்தேன். இவள் பெரியவளானதும் ‘என்னைக் கேட்டியா’ என்பாளோ என்றுகூட யோசித்தேன்.

“குரல்தானே? மூஞ்சியா காட்டப்போறாங்கோ?” என்றார் என் கணவர். “சும்மா யோசிச்சிக்கினே இருந்தா பேஜாருதான்.”

கடைசியில் பெயர் போடக் கூடாது, படம் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். தம்பியும் வாக்கைக் காப்பாற்றினான். பாட்டைப் பற்றி நான் அத்தனை யோசித்தேன். ஹாரனைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. யாருமே யோசிக்கவில்லை.

பாட்டு பெரிய அளவில் ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டது. ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்கு அது தங்களைப் பற்றிய பாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். டீக்கடையில் போட்டார்கள், ஷேர் ஆட்டோவில் போட்டார்கள், பலர் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மா, “என் நைனாவ பாட்டுல வெச்சிட்டானுங்கோ” என்று தெருவெல்லாம் சொன்னார். கம்பெனி பஸ் டிரைவர் தன்னுடைய பஸ்ஸிலேயே அதை ஓடவிட்டார்.

என் மகள் பாட்டு கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓட ஆரம்பித்தாள்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கார அம்மா வேண்டுமென்றே தன் போனில் பாட்டைப் போட்டுவிட்டு, “பாரு, பாரு, அப்பன தேடிக்கினு ஓடுது!” என்பார். நானும் சிரித்தேன். பிறகு என் கணவருக்கு இரவு ஷிஃப்ட் வந்தது. பகலெல்லாம் அவர் உள்ளறையில் தூங்குவார், சாயங்காலம் கிளம்பிவிடுவார். அவர் போன பிறகும் தெருவில் எங்காவது அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இவள் ஓடிப்போய்க் கம்பியில் ஏறி, முகத்தை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிற்பாள். பாட்டு முடியும். அதற்குப் பிறகும் நிற்பாள். “பாட்டுடா கண்ணு, அப்பா இல்ல” என்று நான் இறக்கிவிடப் பார்த்தால் கம்பியை விடமாட்டாள். அப்போதும் நான் இதை ஒரு குழந்தைச் சேட்டையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஹைவே பஸ் ஸ்டாப்பில் நடந்ததற்குப் பிறகு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திருவள்ளூரில் அம்மா வீட்டுக்குப் போவதற்காக நின்றுகொண்டிருந்தோம். ஒரு கையில் பை, ஒரு கையில் மகள். பை நழுவியது, தோளில் சரிசெய்துகொள்ளக் கையை விட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனது. அதிலிருந்து என் மகளின் குரலே “பப்-பப்-பப்-பாஆ!” என்று கூப்பிட்டது. இவளும் அதே மாதிரி கத்திக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினாள். ஓரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண் தன் கூடையைக் குறுக்கே தள்ளி, இவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரும்புச் சுருள் ஏற்றிய ஒரு டிரெய்லர் எங்களைத் தாண்டிப் போனது. பழங்கள் உருண்டன.

“யாரு பெத்த புள்ளம்மா இது?” என்று அவர் கத்தினார். “கைய புடிச்சிக்கினு நிக்கறதுக்கு இன்னா வலிக்குதா உனக்கு?”

பழங்களைப் பொறுக்கிக்கொடுத்தேன். இவள் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டோ போன திசையைக் காட்டி “ப்பா, ப்பா” என்று அழுதாள். நாங்கள் திருவள்ளூருக்குப் போகவில்லை, வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

அன்று மாலையே தம்பியை வரச் சொன்னேன். அந்தப் பெண்ணும் கூட வந்தாள். நடந்ததைச் சொன்னேன். தம்பி உடனே, “எடுத்துடறேன்க்கா. இப்பவே எடுத்துடறேன்” என்று போனைக் கையில் எடுத்தான்.

அந்தப் பெண்தான் நிதானமாகப் பேசினாள். “நாம எடுத்தா போயிடுமா? ரிங்டோன் வெச்சிருக்கறவங்க எடுப்பாங்களா? ஆட்டோக்காரரு பென்டிரைவ்ல வெச்சிக்கினு கீறாரு. ஊருக்குள்ள போன பாட்ட எப்புட்றா திருப்பி எடுக்கறது?”

அவள் சொன்னது நியாயம்தான். நான் இரவெல்லாம் புரண்டு படுத்து யோசித்து, பாட்டை மாற்ற முடியாவிட்டால் ஹாரனை மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தேன். அப்போது அது எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. பஸ் ஹாரன் வேறாகிவிட்டால் அப்பா வேறு, பாட்டு வேறு என்று ஆகிவிடும். இவள் புது ஹாரனுக்கு ஓடுவாள், பாட்டை மறந்துவிடுவாள்.

அந்த வாரம் என் கணவருக்கு மறுபடியும் பகல் ஷிஃப்ட். காலை பஸ் வந்தபோது அவரோடு நானும் தெருமுனைக்குப் போய் டிரைவரிடம் கேட்டேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாம்மா இது? ஊருல இருக்கறவங்கோ ஹாரன் அடிக்காதன்னு சண்டைக்கு வருவாங்கோ. நீ இன்னாடான்னா டியூன மாத்துன்ற. என் ஹாரன் பாட்டுல வந்துக்குதுன்னு மச்சான் ஊட்லகூட சொல்லி வெச்சிக்கீறேன்.”

பஸ் ஸ்டாப்பில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். “சரி வுடு தாயி. ரெண்டு நீட்டமா அடிக்கிறேன்” என்றார்.

மறுநாள் காலையில் மாடியில் குடியிருப்பவர் பஸ்ஸை விட்டுவிட்டார். அவரும் அதே கம்பெனிதான். ஷூ மாட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தாராம். இரண்டு நீட்டம் கேட்டதும் வேறு கம்பெனி பஸ் என்று நினைத்து நிதானமாக உட்கார்ந்திருந்தாராம். ‘போனா போவுது, பஸ்ஸு போவுது’ என்று அவருடைய மனைவி மாடிப்படியில் நின்று பாடிக் கிண்டல் செய்தார். சாயங்காலம் தெரு முழுக்க ஆண்கள் வந்த பிறகுதான் தோசைக்கல்லே அடுப்பில் ஏறியது. “எவன்டா ஹாரன மாத்துனது?” என்று மாடிக்காரர் எங்கள் வாசலில் வந்து கேட்டபோது, என் கணவர், “எங்க ஊட்டு மேடம்தான். கம்பெனிக்கு ஆர்டர் போட்டுக்கினு கீறாங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் மாடிக்காரர் கோபத்தை விட்டுவிட்டார்.

என் மகள் புது ஹாரனுக்கு ஓடவில்லை. ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் கணவர் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வருவார். இவள் ஏதாவது மூடியை உருட்டிக்கொண்டிருப்பாள். பாட்டு கேட்டால் மட்டும் முன்பு மாதிரியே ஓடினாள். நான் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. ஒருநாள் அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று வாயால் “பப்-பப்-பப்-பாஆ!” என்றார். இவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. அலமாரியில் இருந்த என் போனைப் பார்த்தாள்.

அவர் அப்படியே சாப்பாட்டுப் பையைத் திட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அதை அவர் என்னிடம் பெரிதாகப் பேசவில்லை. நான்தான் பேசினேன். பழைய ஹாரனையே அடிக்கச் சொல்லுங்கள் என்றேன். டிரைவருக்கு அதில் மிகுந்த சந்தோஷம், தெருவுக்கும்தான்.

இப்போது என் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதில்லை. மூன்று குட்டை, ஒரு நீட்டம் கேட்டால் நின்றுவிடுகிறாள். என்னைப் பார்க்கிறாள். “ப்பா?” என்று கேட்கிறாள். நான் ஆமாம் என்றால் ஓடுகிறாள். இல்லை என்றால் விட்ட விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். பல தடவை ஓடிப்போய் யாரும் வராமல் திரும்பியதில், தன் காதை நம்பக் கூடாது என்று அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள். இது நல்லதுதான் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். ரோட்டில் இனி அப்படி ஓட மாட்டாள் அல்லவா? இப்போது வேறு வார்த்தைகளும் வருகின்றன. டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒருவேளை இது வெறும் வளர்ச்சிதானோ, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது.

ஆனால் அவள் நம்புவது என்னை. எனக்கே தெரிவதில்லை. பாட்டில் இருப்பது அந்த பஸ்ஸின் ஹாரன்தான், அசல். தூரத்திலிருந்து கேட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. பாட்டாக இருந்தால் தொடர்ந்து கிட்டார் வரும் என்று காத்திருந்து பார்ப்பேன். டிரைவர் பஸ்ஸிலும் அதே பாட்டைப் போட்டுக்கொண்டு வருவதால் அதுவும் உதவுவதில்லை. போன வாரம் ஒருநாள் ஆமாம் என்றேன். ஓடிப்போய்க் கம்பியில் ஏறினாள். மாடிக்காரரின் போன் அது. இறங்கி வந்து என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அடுத்த நாள் ஜாக்கிரதையாக, “இல்லடா, பாட்டு” என்றேன். உட்கார்ந்து கிண்ணத்தை உருட்ட ஆரம்பித்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் நின்றிருந்தார்.

“இன்னிக்கு ஓடி வரலியா?” என்று மகளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதால்தான் வரவில்லை என்பதை அவள் சொல்லத் தெரியாமல் பார்த்தாள்.

“நான்தான் பாட்டுன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“சரி, வுடு” என்றார். அன்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு யோசனை வந்திருக்கிறது. வேப்பம்பட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குப் பாடத் தம்பியின் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல்முறையாக மேடை. அதற்காகத் தம்பி ரப்பர் உருண்டை வைத்த பழைய ஹாரன் ஒன்று வாங்கியிருக்கிறான். பாட்டில் அந்த இடம் வரும்போது மேடையில் அதை அமுக்கி, மூன்று குட்டை, ஒரு நீட்டம் வாசிக்கப் போகிறானாம். பாப்பாவை முன்வரிசையில் உட்கார வைக்கலாம் என்று அந்தப் பாடகிப் பெண் சொல்கிறாள். “அதோட மாமா கையில ஹாரன் இருக்கறத கண்ணால பாத்துட்டா அதுக்குப் புரிஞ்சிரும்க்கா. பாட்டுன்னா மாமா அமுக்கறதுன்னு தெரிஞ்சிரும். அப்புறம் ஒன்ன கேக்காது” என்றாள். அக்கறையோடுதான் சொன்னாள். என் கணவரும் விடுப்புப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார். அப்பா இங்கே, ஹாரன் அங்கே என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரோட்டை நினைத்தால் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தச் சத்தம் தன் மாமா அமுக்குகிற ஒரு விளையாட்டுச் சாமான் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், தெருமுனையில் நிஜமான பஸ் அடிக்கும்போது அவள் எழுந்திருப்பாளா? அதற்குப் பிறகு என்னைக் கேட்கக்கூட மாட்டாளோ? வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். “ஒரு வருசத்துல இஸ்கூலு போவும், எல்லாத்தையும் மறந்துரும். நீ எதுக்கு நைனா நாஷ்டாகூட துன்னாம யோசிச்சிக்கினு கீற?” என்றார். என் கணவரிடம் கேட்டால் “உனக்கு எது சரின்னு படுதோ” என்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். மகள் ரோட்டில் ஓடாமல் இருக்க வேண்டும் என்பதற்கு முன்னால், தான் வீட்டுக்கு வரும்போது அவள் ஓடி வர வேண்டும் என்று எந்த அப்பாவால் கேட்க முடியும்?

தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. விழா நெருங்குகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஹாரன் அடித்தது, இவள் இட்லித் தட்டோடு வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு “ப்பா?” என்றாள். “இரு, சேர்ந்து பாக்கலாம்” என்று தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ஒரு பால் வண்டிக்காரரின் போன். இரண்டு பேரும் திரும்பி வந்தோம்.

இப்படி ஒரு சத்தத்தை நம்பி ஓடிய குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். அவளை வேப்பம்பட்டுக்குக் கூட்டிப்போய் அந்த ரப்பர் ஹாரனைக் காட்டிவிடலாமா? அல்லது கொஞ்ச காலத்துக்கு, ஒவ்வொரு முறையும் அவளைத் தூக்கிக்கொண்டு நானும் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?